வெளிநாட்டு விமானம் ஏறுமுன்: அவசரத் தொடர்பு எண்ணைச் சரியாகக் கொடுப்பது எப்படி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுக்கப் போனால் பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், பணம் கேட்பார்கள், சாப்பாடு சைவமா என்று கேட்பார்கள். “வழியில் ஏதாவது ஒன்று என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்?” என்று கேட்பவர்கள் குறைவு. பயணம் கிளம்பும் நேரத்தில் இந்தப் பேச்சு சகுனத்துக்கு ஆகாது என்று கேட்பவருக்கும் தயக்கம், சொல்பவருக்கும் தயக்கம். கடைசியில் அந்தக் கட்டம் வெறுமையாகப் போகிறது, இல்லாவிட்டால் ஏஜென்டின் சொந்த எண் அதில் ஏறிவிடுகிறது.

விபத்தை மட்டும் மனத்தில் வைத்து இதைப் பார்க்க வேண்டாம். விமான விபத்து அரிது. வயதானவருக்கு நடுவானில் மயக்கம் வந்து விமானம் வேறு ஊரில் இறங்குவது, இணைப்பு விமானம் தவறி ஓர் இரவு முழுக்க அந்நிய ஊர் விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பது, இறங்கியதும் போன் வேலை செய்யாமல் கூட்டிப்போக வந்தவரைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்பது, இவையெல்லாம் அதைவிட அடிக்கடி நடப்பவை. எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: தரையில் இருக்கும் ஓர் ஆள், போனை எடுக்கும் ஆள், எடுத்தால் பதில் சொல்லத் தெரிந்த ஆள். அந்த ஆளின் விவரம் சரியான இடத்தில் சரியான முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

டிக்கெட்டுக்குள் இருக்கும் எண்கள்

முன்பதிவு ஒன்றுக்குள் மூன்று விதமான எண்கள் இருக்கலாம். அச்சிட்டுக் கொடுக்கும் டிக்கெட்டில் இவை பெரும்பாலும் தெரியாது என்பதால்தான் குழப்பம்.

முதலாவது, பயணியின் சொந்த மொபைல் எண்ணும் மின்னஞ்சலும். ஏஜென்டுகள் பயன்படுத்தும் மென்பொருளில் இவற்றுக்கு சிடிசிஎம், சிடிசிஇ என்று குறியீடு. விமானம் தாமதம், நேர மாற்றம், ரத்து போன்ற செய்திகள் இங்கேதான் போகும். இரண்டாவது, ஏஜென்சியின் அலுவலக எண். மூன்றாவதுதான் அவசரத் தொடர்பு. பிசிடிசி என்பது அதன் குறியீடு. பயணியைத் தவிர வேறொருவரின் பெயரும் எண்ணும் இதில் இருக்க வேண்டும்.

பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் 830டி தீர்மானத்தின்படி, பயணியின் மொபைல் எண்ணையோ மின்னஞ்சலையோ விமான நிறுவனத்துக்குத் தரச் சம்மதமா என்று ஏஜென்ட் கேட்க வேண்டும். சம்மதித்தால் முன்பதிவில் ஏற்ற வேண்டும். மறுத்தால் மறுத்தார் என்றும் பதிய வேண்டும். 2019 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. ஆனாலும் எல்லாத் தகவலும் தன் வழியாகவே போகட்டும் என்று தன் எண்ணையே சிடிசிஎம் இடத்தில் போடும் ஏஜென்டுகள் உண்டு. கடை இரவு 9 மணிக்குச் சாத்தப்படும். திருச்சியிலிருந்து விமானங்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கிளம்பும். விமானம் ரத்து என்ற செய்தி சாத்திய கடையின் மேசைப் போனில் வந்து விழும். நீங்கள் 90 கிலோமீட்டர் கார் வைத்துக்கொண்டு விமான நிலையம் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே ஏஜென்டிடம் இப்படிச் சொல்லுங்கள்: “சிடிசிஎம்-இல் பயணியின் நம்பர் போடுங்கள், பிசிடிசி-இல் இந்த நம்பரும் பெயரும் போடுங்கள்.” குறியீட்டைச் சொல்லிக் கேட்டால் வேலை நடக்கும்.

யாருடைய பெயரைக் கொடுப்பது

கணவன் மனைவி இருவரும் ஒரே விமானத்தில் போகிறார்கள். கணவர் படிவத்தில் மனைவியின் எண், மனைவி படிவத்தில் கணவரின் எண். இதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. இருவர் போனும் ஒரே நேரத்தில் அணைந்திருக்கும். அவசரத் தொடர்பாளர் அந்த விமானத்தில் இருக்கக் கூடாது. அன்றைக்கு வேறு விமானத்திலும் இருக்காமல் இருந்தால் நல்லது.

அடுத்த தவறு, மரியாதைக்காக வீட்டில் மூத்தவர் பெயரைப் போடுவது. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் இப்போது இருப்பது வயதான ஐயாவும் ஆயாவும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவரும்தான். லேண்ட்லைன் போன் முகப்பில் இருக்கும். அவர்கள் படுப்பது வீட்டின் உள்ளே, இரண்டாங்கட்டில். ராத்திரி 3 மணிக்கு மணி அடித்தால் காதில் விழாது. விழுந்து எழுந்து வந்தாலும், மறுமுனையில் ஆங்கிலத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால் “ராங் நம்பர்” என்று வைத்துவிடுவார்கள். இருதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவருக்கு முதல் செய்தி அந்நியர் வாயிலிருந்து போகவும் கூடாது.

முதல் தொடர்பாளருக்கு வேண்டிய தகுதிகள் இவை: எந்த நேரமும் போனை எடுப்பவர். ஆங்கிலத்தில் நான்கு கேள்விக்குப் பதில் சொல்லக் கூடியவர். கேட்டதைத் தாளில் எழுதிக்கொள்ளும் நிதானம் உள்ளவர். பயணியின் வீட்டாரிடம் நேரில் போய் உட்கார்ந்து சொல்லக் கூடியவர், அல்லது அப்படிச் சொல்ல ஊரில் ஆள் வைத்திருப்பவர். நெருங்கிய ரத்த உறவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மருமகனோ, கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா மகனோ, 20 வருடமாகப் பழகிய பக்கத்து வீட்டுக்காரரோ ஆச்சியைவிடப் பொருத்தமாக இருக்கலாம்.

இரண்டாவது தொடர்பாளரை வேறு ஊரில், முடிந்தால் போகும் நாட்டிலேயே வையுங்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே கல்யாணத்துக்குப் போய், ஒரே மண்டபத்தில், ஒரே மேளச் சத்தத்தில் இருப்பார்கள்.

பெயர் கொடுக்கும் முன் அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். “உங்கள் பேரைக் கொடுத்திருக்கிறேன், 14ஆம் தேதி ராத்திரி போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் போதும். சொல்லாமல் கொடுத்த பெயர் பாதிப் பயன்தான்.

எண்ணை எழுதும் முறை

நாட்டுக் குறியீடு இல்லாத எண் வெளிநாட்டிலிருந்து கூப்பிடுபவருக்குப் பயன்படாது. இந்திய மொபைல் என்றால் +91, அதன்பின் 10 இலக்கம். முன்னால் 0 வரக் கூடாது.

லேண்ட்லைனில்தான் பலர் தவறுகிறார்கள். காரைக்குடியின் எஸ்டிடி குறியீடு 04565, தேவகோட்டைக்கு 04561. இந்த முன் பூஜ்யம் நாட்டுக்குள் கூப்பிடுவதற்கு மட்டும். வெளிநாட்டிலிருந்து கூப்பிட +91 4565 என்று போட்டு, அதன்பின் வீட்டின் 6 இலக்க எண்ணைப் போட வேண்டும். 91-க்குப் பின் மொத்தம் 10 இலக்கம் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். 11 வந்தால் பூஜ்யம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மலேசிய எண்ணுக்கும் அதே கதை. அங்கே 012 என்று தொடங்கும் மொபைலை +60 12 என்று எழுத வேண்டும். சிங்கப்பூரில் முன் பூஜ்யமே கிடையாது. +65, பிறகு 8 இலக்கம். இலங்கை +94, ஐக்கிய அரபு அமீரகம் +971, மியான்மர் +95, அமெரிக்கா +1.

இணையப் படிவங்களில் இன்னொரு பொறி உண்டு. நாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு கட்டமும் எண்ணுக்கு ஒரு கட்டமும் தனித்தனியாக இருக்கும். முதல் கட்டத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இரண்டாவதில் மறுபடியும் 91 போட்டால் எண் +91 91 என்று ஆகிவிடும். சில படிவங்கள் 10 இலக்கத்துக்கு மேல் ஏற்காமல், கடைசி இரண்டு இலக்கத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். சேமித்த பிறகு திரும்பப் போய் எண்ணைப் படித்துப் பார்ப்பது இதற்காகத்தான். வாட்ஸ்அப்புக்கு மட்டும் பயன்படும் பழைய எண்ணைக் கொடுக்காதீர்கள்; வரப்போவது சாதாரண அழைப்பு.

பெயரில் வரும் சிக்கல்

இது நம் பகுதிக்கே உரிய தொல்லை, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பேரனுக்கு ஐயாவின் பெயர், பேத்திக்கு ஆயாவின் பெயர். ஒரே தலைமுறையில், ஒரே வளவுக்குள், ஐந்து வள்ளியம்மையும் நான்கு ராமநாதனும் இருப்பார்கள். ஊரில் அவர்களைப் பிரித்துச் சொல்ல வீட்டு விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் தலைப்பெழுத்து வரிசை, உதவுகிறது: ‘பழ. ராம. வீட்டு வள்ளியம்மை’ என்றால் யாருக்கும் தெரியும். விமான நிறுவனத்தின் கணினிக்கு அந்த விலாசம் தெரியாது.

பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து தகப்பனார் பெயராகவோ கணவர் பெயராகவோ குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போயிருக்கும். டிக்கெட்டில் குடும்பப் பெயர் முதலில், பிறகு சாய்கோடு, பிறகு இயற்பெயர்: பழனியப்பன்/வள்ளியம்மை. விமான நிறுவனம் இவரைப் ‘பழனியப்பன்’ என்றே தேடும். வீட்டார் போன் செய்து “வள்ளியம்மை ஆச்சி வந்த பிளேனா?” என்று கேட்டால், பட்டியலில் வ வரிசையில் யாரும் இல்லை என்று பதில் வரலாம். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால் இன்னும் குழப்பம்: சில நிறுவனங்கள் இயற்பெயரையே இரண்டு தரம் போடும், சில எஃப்என்யு (‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்தைப் போடும்.

என்ன செய்வது? டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருக்கும் வரியை அப்படியே எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதித் தொடர்பாளரிடம் கொடுங்கள். பிறந்த தேதியையும் பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பெயர் ஒன்றாக இருக்கும் இருவரைப் பிரிப்பது பிறந்த தேதிதான். அதனால் வீட்டில் கொண்டாடும் நட்சத்திரப் பிறந்தநாளையோ, பழைய பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியையோ எழுதாமல், பாஸ்போர்ட்டில் உள்ள தேதியையே எழுதுங்கள்.

தொடர்பாளரின் பெயரும் இப்படித்தான். ‘ராமு அண்ணன்’ என்றோ ‘சின்னைய்யா’ என்றோ படிவத்தில் போடக் கூடாது. அவருடைய அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயர், உறவு, ஊர். கூப்பிடுபவர் முதலில் “நீங்கள் இன்னார்தானா” என்று உறுதி செய்துகொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்.

கைக்குழந்தைக்குத் தனி இருக்கை இருக்காது; தாய் அல்லது தகப்பன் பெயருடன் இணைத்துத்தான் பதிவாகும். குழந்தையைத் தேடினால் பெரியவர் பெயரைச் சொல்லித் தேட வேண்டும்.

பதிவு செய்யும் இடங்கள்

விமான நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ முன்பதிவை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போங்கள். 6 எழுத்து பிஎன்ஆரும் குடும்பப் பெயரும் கேட்கும். உள்ளே பயணி விவரம் என்ற பகுதியில் அவசரத் தொடர்புக் கட்டம் இருக்கும். சில நிறுவனங்களில் இணைய வழிச் செக்-இன் செய்யும்போதுதான் அது வரும். ஒரு பிஎன்ஆரில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். முதல் ஆளுக்குக் கொடுத்தது மற்றவர்களுக்குத் தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். கட்டமே தென்படாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, பிஎன்ஆரைச் சொல்லிச் சேர்க்கச் சொல்லலாம்.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டு பிஎன்ஆர். ஒன்றில் போட்டது மற்றதில் இருக்காது. இரண்டு நிறுவனங்கள் கூட்டாக இயக்கும் வழித்தடத்தில், எடுத்தது ஒரே டிக்கெட் என்றாலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி பிஎன்ஆர் இருக்கக்கூடும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும் விமானங்களுக்கு இதில் தனி விதிமுறையே இருக்கிறது. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் 103 விமானம் குண்டு வெடித்துச் சிதறியது. விமானத்தில் யார் யார் இருந்தார்கள், அவர்கள் வீட்டார் யார் என்று திரட்டுவதற்குள் குடும்பங்கள் பட்ட பாடு 1990இல் சட்டமாயிற்று. பயணிகள் பட்டியல் விதிமுறை 1998இல் வந்தது. அதன்படி அமெரிக்கக் குடிமக்கள் ஒவ்வொருவரிடமும் விமான நிறுவனம் முழுப் பெயரை வாங்க வேண்டும், அவசரத் தொடர்புக்கு ஒருவரின் பெயரையும் எண்ணையும் கேட்க வேண்டும். கேட்பது நிறுவனத்தின் கடமை. அவசரத் தொடர்பைக் கொடுப்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பம். தொடர்பாளர் அந்த விமானத்தில் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதை விதியே சொல்கிறது. உறவுமுறை எதுவும் கட்டாயமில்லை என்றும் சொல்கிறது. விபத்து நடந்தது தெரிந்தால் அதிகபட்சம் 3 மணி நேரத்துக்குள் பட்டியல் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போக வேண்டும். இந்த விவரத்தை வியாபாரத்துக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. ஆகவே எண்ணைக் கொடுத்தால் விளம்பர அழைப்பு வருமே என்று தயங்கத் தேவையில்லை.

நம் வீடுகளில் இதனால் ஒரு விசித்திரம் நேரும். அங்கே பிறந்த பேரப்பிள்ளையிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட், கூடப் போகும் அப்பத்தாவிடம் இந்தியப் பாஸ்போர்ட். விதி கட்டாயமாகக் கேட்கச் சொல்வது பிள்ளைக்கு மட்டும். அப்பத்தாவுக்கு நீங்களாகவே கேட்டு நிரப்புங்கள்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் அவசரத் தொடர்புக்கு ஒரு பகுதி உண்டு: பெயர், முகவரி, மொபைல், மின்னஞ்சல். சிவகங்கை மாவட்டத்து ஊர்களுக்கு மதுரை மண்டல அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களுக்குத் திருச்சி. பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 வருடம் செல்லும். அதற்குள் அங்கே எழுதியவர் எண் மாறியிருக்கலாம், காலமாகியிருக்கலாம். புதுப்பிக்கும்போது பழைய விண்ணப்பத்தைப் பார்த்து அப்படியே நிரப்பாமல், இன்றைக்கு யார் என்று யோசித்து நிரப்புங்கள். பாஸ்போர்ட் பக்கங்களில் பேனாவால் எண்ணை எழுதவோ, பின் அடிக்கவோ வேண்டாம். சேதமான பாஸ்போர்ட் என்று குடிநுழைவில் நிறுத்த இடம் கொடுக்கும்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நிரப்பும் மின்னணு வருகை அட்டை வேறு. அது குடிநுழைவுத் துறைக்குப் போவது, விமான நிறுவனத்துக்குப் போவதில்லை. இரண்டும் வந்திறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டியவை, இரண்டும் இலவசம். பணம் கேட்டால் அது போலித் தளம். பயணக் காப்பீட்டில் கேட்கும் நாமினியும் வேறு. நாமினி பணம் பெறுபவர், தொடர்பாளர் போன் எடுப்பவர். ஒருவரே இரண்டுமாக இருக்க வேண்டியதில்லை.

குழுவாகப் போகிறவர்கள், தனியாகப் போகிறவர்கள்

தைப்பூசத்துக்குப் பினாங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்கும், சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கும் குழுவாகப் போவது வழக்கம். குழு முன்பதிவில் 30 பேருக்கும் ஒரே எண், அதுவும் குழுவை அழைத்துச் செல்பவரின் எண். அவரும் அதே விமானத்தில்தான் இருக்கிறார். பொறுப்பாளர்கள் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போதே ஒவ்வொரு பெயருக்கு நேரிலும் ‘ஊரில் யார்’ என்று ஒரு நெடுவரி போட்டு வாங்கிவிட வேண்டும். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி பயணம் வராத ஒருவரிடம் ஊரில் இருக்கட்டும்.

தனியாகப் போகும் குழந்தைக்கு, பல நிறுவனங்களில் 5 வயது முதல் 11 வயது வரை, தனிப் படிவம் உண்டு. கொண்டுவந்து விடுபவர், போய் இறங்கும் இடத்தில் அழைத்துக்கொள்பவர் இருவரின் பெயர், முகவரி, எண் அதில் வேண்டும். அழைத்துக்கொள்பவரின் பெயர் அவரது புகைப்பட அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். படிவத்தில் ‘மீனா அத்தை’ என்றும் அட்டையில் மீனாட்சி சுந்தரம் என்றும் இருந்தால் குழந்தையை ஒப்படைக்க மாட்டார்கள். விட வந்தவர் விமானம் கிளம்பும்வரை நிலையத்தைவிட்டுப் போகக் கூடாது.

மகள் பிரசவத்துக்கு முதல்முறையாகத் தனியே அமெரிக்கா போகும் ஆச்சிக்கு வீல்சேர் கேட்கிறோம், நல்லது. பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். படி ஏறுவார் ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது என்றால் ஒரு வகை, படியும் ஏற முடியாது என்றால் வேறு வகை, எழுந்து நிற்கவே முடியாது என்றால் மூன்றாவது வகை; உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூடவே ஏடிஎம் அட்டை அளவில் ஓர் அட்டை செய்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கொடுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலப் பெரிய எழுத்தில்: டிக்கெட்டில் உள்ள பெயர், பேசும் மொழி தமிழ், இரண்டு தொடர்பாளர்களின் பெயரும் எண்ணும், இறங்கிப் போகும் வீட்டின் முகவரி. மறுபக்கம்: ரத்த வகை, நோய்கள், ஒவ்வாமை, மருந்துகளின் பெயர், அளவு, எந்த வேளை. மருந்துக்குக் கம்பெனிப் பெயரைவிட மூலப்பெயர் முக்கியம். இங்கே விற்கும் பெயரில் அங்கே மருந்து இருக்காது. மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 5 என்றால் எந்த நாட்டு மருத்துவருக்கும் புரியும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதயத்தில் பேஸ்மேக்கர் இரண்டையும் முதல் வரியில் எழுதுங்கள்.

அட்டைகள் இரண்டு வேண்டும். பாஸ்போர்ட் உறைக்குள் ஒன்று. ஆனால் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு கவுன்ட்டரிலும் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். ஆகவே ஆச்சியின் சுருக்குப்பையில் இன்னொன்று. மொபைலில் பூட்டிய திரையிலேயே தெரியும் அவசரத் தகவல் பகுதியையும் நிரப்பி வைக்கலாம். சார்ஜ் தீர்ந்தால் அது உதவாது என்பதால்தான் அட்டை.

வீட்டில் இருக்க வேண்டிய தாள்

தொடர்பாளர் இருவரிடமும் ஒரு பக்கத் தாள் இருக்க வேண்டும். கீழே உள்ள மாதிரி போதும்:

பயணி: பழனியப்பன்/வள்ளியம்மை (டிக்கெட்டில் உள்ளபடி)
பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்
பிஎன்ஆர்: முதல் விமானம் ……, இரண்டாம் விமானம் ……
விமான எண், புறப்படும் ஊர், தேதி, நேரம் (ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி)
இறங்கும் ஊர், அழைத்துக்கொள்பவர், எண்
கூடப் போகிறவர்கள் பெயர்
விமான நிறுவனத்தின் போன் எண், காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண், பாலிசி எண்
போகும் நாட்டு இந்தியத் தூதரகத்தின் அவசர எண்
பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல்

தேதியில் கவனம். 15ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால், வீட்டிலிருந்து கிளம்புவது 14ஆம் தேதி மாலை. வீட்டார் நினைவில் ‘14ஆம் தேதி போனாங்க’ என்றுதான் இருக்கும். விசாரிக்கும்போது அந்தத் தேதியைச் சொன்னால் முந்தைய நாள் விமானத்தைத் தேடுவார்கள்.

பயணிக்கு ஒரு வேலை: ஒவ்வொரு விமானத்திலும் உட்கார்ந்ததும் இருக்கை எண்ணோடு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். “ஏறியாச்சு, 32சி.” இணைப்பு விமானம் தவறி வேறொன்றில் மாற்றிக் கொடுத்திருந்தால் புதிய விமான எண். எந்த விமானத்தில் போக இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எதில் ஏறினார் என்பதுதான் நெருக்கடியில் தெரியாமல் தவிக்க வைக்கும்.

அழைப்பு வரும்போது

பயண நாளன்று தொடர்பாளரின் போனில், தெரியாத எண்களை அமைதியாக்கும் அமைப்பையும், வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்கும் செயலியையும் நிறுத்தி வையுங்கள். மோசடி அழைப்புக்குப் பயந்து + குறியுடன் வரும் எதையும் எடுக்காத பழக்கம் இப்போது பலருக்கு உண்டு. அந்த ஒரு நாள் எடுக்க வேண்டும். எடுத்தால், கூப்பிடுபவரின் பெயர், நிறுவனம், திரும்பக் கூப்பிடும் எண் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையான அழைப்பில் ஓடிபி, வங்கிக் கணக்கு, உடனே பணம் அனுப்பு என்ற பேச்சே வராது. வந்தால் வைத்துவிட்டு, தாளில் உள்ள விமான நிறுவன எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

பெரிய விபத்து என்றால் நிறுவனம் உதவி எண்ணை அறிவிக்கும். வீட்டுக்கு ஒருவர் மட்டும் கூப்பிடுங்கள். பங்காளிகள் பத்துப் பேர் பத்து விதமாகப் பெயர் சொன்னால் பத்துப் பதிவுகள் உண்டாகி, பொருத்திப் பார்ப்பது தாமதமாகும். முன்பதிவு செய்தவர்கள் வேறு, ஏறியவர்கள் வேறு; இரண்டு பட்டியலையும் ஒப்பிட்ட பிறகுதான் உறுதி சொல்வார்கள். அதுவரை “இன்னும் உறுதியாகவில்லை” என்ற பதில் வருவது அலட்சியத்தால் அல்ல. தொலைக்காட்சியில் ஓடும் பெயர்களை வைத்து வீட்டுப் பெரியவர்களிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தாளில் எழுதி வைப்பது நல்லது, சொல்லச் சங்கடமாக இருந்தாலும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த விபத்தில் இறந்தவர்களை அடையாளம் காண உறவினர்களின் டிஎன்ஏ மாதிரிகள் தேவைப்பட்டன. தாய், தகப்பன், பெற்ற பிள்ளை ஆகியோரின் மாதிரிதான் மிக உறுதியாகப் பொருந்தும். அவர்கள் இல்லாதபோது உடன்பிறந்தவர்கள். பிள்ளை கூட்டிக்கொள்ளும், அதாவது தத்தெடுக்கும், வழக்கம் உள்ள வீடுகளில் இது முக்கியம். சட்டப்படியும் மனத்தாலும் மகன் அவர்தான், ஆனால் மாதிரி பொருந்தாது. ஆகவே தொடர்பாளர் யாராக இருந்தாலும், பயணியின் ரத்த உறவில் ஒருவரின் பெயரும் எண்ணும் தாளின் கடைசி வரியில் தனியாக இருக்கட்டும்.

திரும்பி வரும் பயணத்துக்கு இந்தத் தாளை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்பும் விமானத்துக்கு வேறு எண், வேறு தேதி. ஆறு மாதம் கழித்து என்றால் நிறுவனமே நேரத்தை மாற்றியிருக்கும். அனுப்பி வைக்கும் மகள் இப்போது முதல் தொடர்பாளர், அழைத்துக்கொள்ளப் போகும் காரைக்குடிக்காரர் இரண்டாவது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மகள் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து எண்களை மாற்றி, புதுத் தாளை ஊருக்கு அனுப்ப வேண்டும், பழையதைக் கிழித்துவிடலாம்.